வினிகர் புராணம் (அல்லது) அம்மாவைத் திணறடித்த கதை

பொட்டி தட்டுற பொழப்புல ஆணி புடுங்கி முடிக்கவே நேரம் சரியா இருக்கு, அதனால இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு என்னை எழுத உட்கார வெச்சது ஒரு பாட்டில் வினிகர். கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. ஒரு டீயோட உட்கார்ந்துக்கோங்க.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஊர்லேர்ந்து அம்மா வந்திருந்தாங்க. பாத்ரூம் தரையில பாசி வழுக்குதுன்னு காலையில நானே ப்ளீச்சிங் பவுடரைத் தூவி விட்டிருந்தேன். அப்புறம் குழாயைப் பார்த்தா, போர் தண்ணி புண்ணியத்துல அடியில எல்லாம் வெள்ளை வெள்ளையா உப்பு படிஞ்சு கிடக்கு. "வினிகர் ஊத்தினா போயிடும், கெமிக்கலே இல்லை, முழுக்க இயற்கை"ன்னு எங்கேயோ படிச்சது ஞாபகம் வந்தது. சமையலறையில சைனீஸ் நூடுல்ஸ் பண்ண வாங்கி வெச்ச பாட்டில் இருந்தது. குழாய் மேல ஊத்தினேன். மிச்சத்தை எதுக்கு வீணாக்கணும்னு தரையிலயும் ஊத்தினேன்.

பத்து செகண்டுல நீச்சல் குளத்து வாசனை மாதிரி ஒண்ணு கிளம்பிச்சு. அடுத்த பத்து செகண்டுல கண்ணு எரிய ஆரம்பிச்சது. நான் வெளியே ஓடி வந்துட்டேன். ஆனா அந்த நேரம் பார்த்து வாளி எடுக்க அம்மா உள்ளே போனாங்க. அம்மாவுக்கு வீசிங் உண்டு.

அதுக்கப்புறம் நடந்ததை விவரமா எழுத விருப்பம் இல்லை. இருமல், இன்ஹேலர், ஆட்டோ, ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரம் ஆக்சிஜன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டாங்க. நல்லாதான் இருக்காங்க இப்போ. டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன தம்பி படிச்சிருக்கீங்க?" "இன்ஜினியரிங் சார்." அவர் ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

அம்மா சொன்னாங்க: "நாப்பது வருஷமா புளி போட்டுத்தான் பாத்திரம் வெளக்கறேன். ஒரு நாளாவது மூச்சு முட்டியிருக்காடா?"

ஆபீஸ்ல எது உடைஞ்சாலும் 'ரூட் காஸ் அனாலிசிஸ்' எழுதச் சொல்வாங்க. யார் மேல பழி போடறதுன்னு இல்லாம, எங்கே ஆரம்பிச்சு எப்படி இங்கே வந்து நின்னுதுன்னு எழுதணும். இந்தப் பதிவு அந்த மாதிரி ஒண்ணுதான். தோண்டத் தோண்ட அது ரெண்டாயிரம் வருஷத்துக்குப் பின்னாடி போயிடுச்சு. நான் என்ன செய்ய :-)

முதல்ல பேரு

வினிகர் என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியில் 'புளித்த வைன்' என்ற பொருளில் இருந்து வந்தது. லத்தீனில் அதற்கு அசீட்டம் என்று பெயர். 'புளித்துப் போதல்' என்ற அதே வேரிலிருந்துதான் ஆசிட் என்ற சொல்லும் வருகிறது. அதாவது ஐரோப்பியர்களுக்குப் பல நூற்றாண்டுகள் வரைக்கும் கையில் கிடைத்த அமிலங்களிலேயே வலுவானது வினிகர்தான். கந்தக அமிலம் மாதிரி பெரிய தலைகள் எல்லாம் பின்னாடி வந்தவை.

நம்மகிட்ட 'காடி' என்ற சொல் இருக்கு. புளிச்ச கஞ்சிக்கும் அதே பேர்தான். இலங்கைத் தமிழர்கள் வினாகிரி என்பார்கள். அது போர்த்துகீசியர்கள் விட்டுப் போன சொல். அதே போர்த்துகீசியர்கள் வைனும் பூண்டும் போட்டு ஊறவைத்த கறியை கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். வைனுக்குப் பதில் கள்ளிலிருந்து எடுத்த வினிகர் சேர்ந்தது, விண்டலூ பிறந்தது. ஆக, நம்ம கடலோரத்துக்கு வினிகர் புதுசு இல்லை. ஆனா பாத்திரம் தேய்க்க நமக்கு அது தேவைப்படவே இல்லை. புளி இருந்தது. அந்த விஷயத்துக்கு அப்புறம் வரேன்.

கிளியோபாட்ராவும் என் பாத்ரூம் குழாயும்

ரோமானியப் படைவீரர்கள் தண்ணீரில் வினிகர் கலந்து குடித்தார்கள். போஸ்கா என்று பெயர். அவர்களுக்கு வினிகர் எல்லா இடத்திலும் கைக்கெட்டும் பொருள். அதனால அதைப் பற்றிப் பெரிய பெரிய கதைகளும் உண்டு.

கி.மு. 218-ல் ஹன்னிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடக்கிறார். வழியில் பாறை மறிக்கிறது. விறகைக் குவித்து எரித்து, சூடேறிய பாறை மேல் வினிகரை ஊற்றி உடைத்து வழி செய்தார்கள் என்று லிவி எழுதுகிறார். ஆனால் லிவிக்கு முன்னாடியே இதே பயணத்தைப் பற்றி எழுதிய பாலிபியஸ், வினிகரைப் பற்றி மூச்சு விடவில்லை. மலை மேல் அவ்வளவு வினிகரை யார் சுமந்தது என்ற சந்தேகம் எனக்கும் உண்டு.

இன்னொரு கதை பிளினி சொல்வது. ஒரே விருந்தில் ஒரு கோடி செஸ்டர்ஸ் செலவு செய்து காட்டுகிறேன் என்று மார்க் ஆண்டனியிடம் கிளியோபாட்ரா பந்தயம் கட்டுகிறாள். விருந்து முடியும் நேரத்தில் காதில் இருந்த பெரிய முத்தைக் கழற்றி வினிகரில் போட்டு, கரைந்ததும் குடித்து விடுகிறாள். முத்து உண்மையில் வினிகரில் கரையுமா? கரையும். ஆனால் ஒரு முழு முத்து கரைய ஒரு நாளுக்கு மேலேயே ஆகும். விருந்து மேசையில் கண் முன்னால் கரைந்திருக்காது. பொடி செய்து போட்டிருந்தால் வேறு விஷயம்.

இங்கதான் நம்ம குழாய் வருது. முத்து என்பது கால்சியம் கார்பனேட். முட்டை ஓடும் அதுதான். மார்பிளும் அதுதான். போர் தண்ணி குழாய்ல நாம 'உப்பு'ன்னு சொல்ற அந்த வெள்ளைப் படிவமும் பெரும்பாலும் அதேதான், சாப்பாட்டு உப்பு இல்லை. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அதோடு சேர்ந்தால், தண்ணீரில் கரையக்கூடிய கால்சியம் அசிட்டேட்டாக மாறும். கூடவே கார்பன் டை ஆக்சைடு குமிழ் விடும். கிளியோபாட்ரா செய்ததாகச் சொல்லப்படுவதைத்தான் நான் குழாயில் செய்தேன், பந்தயம் மட்டும்தான் இல்லை. பாண்டிய நாட்டு முத்து ரோமுக்குப் போன காலம் அது. கொற்கைப் பக்கம் தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்து முத்துக்குளித்ததாக பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு சொல்கிறது. யாரோ மூச்சடக்கி எடுத்த முத்து. அந்த ஊர் ராணிக்கு ஒரு மடக்கு.

புளியும் சாம்பலும்

ரோமானியர்கள் துணி துவைக்க எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? வினிகரை இல்லை. பழைய சிறுநீரை. சும்மா சொல்லலைங்க. பாம்பேயில் சலவைக் கூடங்களின் தொட்டிகள் இன்றும் இருக்கின்றன. நாள்பட்ட சிறுநீரில் அம்மோனியா உண்டாகும். அது காரம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். இதற்கு நல்ல கிராக்கி இருந்ததால் வெஸ்பாசியன் என்ற பேரரசர் அதற்கு வரியே போட்டார். மகன் முகம் சுளித்தபோது வரிக் காசை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டதாகக் கதை.

இதுல ஒரு அடிப்படை விஷயம் இருக்கு. அழுக்கு ரெண்டு வகை. களிம்பு, உப்புக் கறை, துரு இதெல்லாம் ஒரு ஜாதி. அதுக்கு அமிலம் வேணும். எண்ணெய், பிசுக்கு, மனுஷ வியர்வை இதெல்லாம் இன்னொரு ஜாதி. அதுக்கு காரம் வேணும். ஒண்ணோட வேலையை இன்னொண்ணு செய்யாது.

இப்ப எங்க அம்மாச்சி வீட்டு கிணத்தடியை நினைச்சுப் பாருங்க. பித்தளைச் செம்பு, குத்துவிளக்குக்குப் புளி. எண்ணெய்ச் சட்டிக்கு அடுப்புச் சாம்பல். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. செம்பின் மேல் படிந்த களிம்பை அது கரைத்து எடுக்கும். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காரம். எண்ணெயோடு சேர்ந்தால் கொஞ்சம் சோப்பாகவே மாறிவிடும். ரெண்டையும் கலந்து தேய்ச்சு நான் பார்த்ததே இல்லை. கலந்தா ரெண்டுமே செத்துப் போகும். கெமிஸ்ட்ரி தெரியாம வந்த அறிவு இல்லை அது. பேர் தெரியாத கெமிஸ்ட்ரி.

கொள்ளை நோயும் வினிகர் கிண்ணமும்

வினிகருக்கு 'சுத்தம் செய்யும் பொருள்' என்ற பெருமை ஐரோப்பாவில் ஏறியது பிளேக் காலத்தில்தான். 1347-ல் வந்த பெருங்கொள்ளை நோய் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்களைக் கொண்டு போனது. அதுக்கப்புறம் முந்நூற்றுச் சொச்சம் வருஷம் அது திரும்பத் திரும்ப வந்தது. நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. கெட்ட வாசனைதான் எதிரின்னா, அதைவிட ஓங்கின வாசனைதானே மருந்து? வினிகருக்கு மூக்கைத் துளைக்கும் வாசனை. அதனால் தரையில் தெளித்தார்கள், கையைக் கழுவினார்கள், பஞ்சில் நனைத்து முகர்ந்தார்கள்.

1665-ல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஈயம் என்ற கிராமத்துக்கு பிளேக் வந்தது. அடுத்த வருஷம், அந்த ஊர் பாதிரியார் வில்லியம் மாம்பசன் பேச்சைக் கேட்டு, ஊர் மக்கள் தங்களைத் தாங்களே அடைத்துக் கொண்டார்கள். யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லைக் கல்லில் குழி வெட்டி, அதில் வினிகர் ஊற்றி, காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். ஈயத்தில் சுமார் 260 பேர் செத்துப் போனார்கள். பாதிரியாரின் மனைவியும் அதில் ஒருத்தர். அந்தக் கல்லின் குழிகள் இன்னும் இருக்கின்றன.

மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் கடிதங்களைக் கீறி வினிகரில் தோய்த்து அனுப்பும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. 'நான்கு திருடர் வினிகர்' என்ற கதையும் உண்டு. பிளேக் வீடுகளில் திருடியும் நோய் வராத நான்கு பேர், மூலிகை போட்ட வினிகரின் ரகசியத்தைச் சொல்லி உயிர் தப்பினார்களாம். தூலூஸ் என்பார் சிலர், மார்சேய் என்பார் சிலர். வாட்ஸப் பார்வர்டுக்கு முன்னாடியே இருந்த வாட்ஸப் பார்வர்டு இது.

இதெல்லாம் வேலை செய்ததா? பிளேக் பரவுவது எலித் தெள்ளுப்பூச்சியால் என்பது 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்த சோதனையில்தான் தெரிந்தது. காசில் ஒட்டிக்கொண்டு பிளேக் ஊர் ஊராய்ப் போகவில்லை. ஈயத்தின் பக்கத்து ஊர்களைக் காப்பாற்றியது வினிகர் இல்லை. தாண்டாத எல்லைதான். ஆனால் பேர் வாங்கியது வினிகர்.

கப்பல்களிலும் இதே கதை. கப்பலின் அடித்தளங்களை வினிகரால் கழுவுவது கடற்படைகளின் வழக்கம். அடிமைகளை அடைத்து ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் அதே வினிகரால்தான் அடித்தளத்தைக் கழுவினார்கள். சுத்தம் என்பது யாருக்காக, எதற்காக என்று அந்த இடத்தில் நின்று யோசிக்கத் தோன்றுகிறது. சரக்கு கெடக் கூடாது என்பதற்காக.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் செய்த சோதனை ரொம்பப் பிரபலம். ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் செய்தார். ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். ஒரு ஜோடிக்கு வினிகர், மூணு வேளை, வேளைக்கு ரெண்டு கரண்டி. ரெண்டும் புளிப்புதானே? ஆனால் பழம் சாப்பிட்டவர்கள் ஒரு வாரத்துக்குள் எழுந்து வேலைக்கு வந்தார்கள். வினிகர் ஜோடி படுத்தபடியே கிடந்தது. புளிப்பில் மருந்து இல்லை, பழத்தில் இருந்த வைட்டமின் சி-யில் இருந்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பதால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்துவிடாது. இதை நான் கீபோர்டுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கேன்.

பாஸ்டர் வந்து உடைத்த ரகசியம்

வைன் ஏன் வினிகராகிறது? 1864-ல் லூயி பாஸ்டர் இதைப் பற்றி எழுதினார். மேலே மெல்லிசாகப் படியும் ஆடையில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவைதான் காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்து ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்குகின்றன என்று காட்டினார். அது வெறும் வேதிவினை, உயிருக்கு அதில் வேலை இல்லை என்று ஜெர்மனியின் லீபிக் மல்லுக்கு நின்றார். பாஸ்டர் ஜெயித்தார்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. கிருமியைக் கொல்லும்னு ஜனங்க நம்பின வினிகரே கிருமிங்க செஞ்சு கொடுத்த பொருள். வினிகரையும் வைனையும் ஆராய்ஞ்ச அதே கைதான், நோய்க்கும் நுண்ணுயிர்தான் காரணம்னு நிலைநாட்டப் போச்சு. அந்தக் கிருமிகளை எது கொல்லும்னு அளந்து பார்க்க ஆரம்பிச்சப்ப, வினிகர் பட்டியலில் கீழே இறங்கிடுச்சு. சில பாக்டீரியாவைக் கொல்லும், எல்லாத்தையும் இல்லை. கிருமிநாசினின்னு நம்பி ஆஸ்பத்திரித் தரையைக் கழுவ முடியாது.

இன்னொரு டப்பாவின் கதை

இப்போ என் பாத்ரூம் தரையில் இருந்த அந்த வெள்ளைப் பொடி. அதுக்கும் புளிப்போட பழைய உறவு உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் லினன் துணியை வெளுப்பது மாசக்கணக்கான வேலை. ஹாலந்தின் ஹார்லெம் ஊர் அதில் பேர் போனது. முதலில் சாம்பல் காரத்தில் ஊறவைப்பார்கள். கழுவி, புல்வெளியில் வெயிலில் விரிப்பார்கள். பிறகு புளித்த மோரில் ஊறப் போடுவார்கள். ஆமாம், மோர்! லாக்டிக் அமிலம். மறுபடி கழுவி, மறுபடி காரம், மறுபடி வெயில். காரமும் புளிப்பும் மாறி மாறி. நடுவில் எப்போதும் ஒரு கழுவல். எங்க அம்மாச்சியோட கிணத்தடி விதியேதான்.

1756-ல் பிரான்சிஸ் ஹோம் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலம் போட்டால் பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடியும் என்று காட்டினார். 1774-ல் ஷீலே குளோரின் வாயுவைத் தயாரித்தார். 1785-ல் பெர்த்தோலே அது துணியை வெளுக்கும் என்று கண்டார். ஆனால் வாயுவைக் கையாள்வது உயிரோடு விளையாட்டு. கிளாஸ்கோவின் சார்லஸ் டெனண்ட் 1799-ல் குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பொடியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் ப்ளீச்சிங் பவுடர். புல்வெளிகள் காலியாயின.

அந்தப் பொடியின் பெரிய புண்ணியம் 1847-ல் வியன்னாவில் நடந்தது. பிரசவ வார்டில் காய்ச்சலால் தாய்மார்கள் செத்துக் கொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று செம்மல்வைஸ் சந்தேகித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு, ஜூன் மாசம் 2 சதவீதத்துக்கு வந்தது. முந்நூறு வருஷமா வினிகருக்கு இருந்ததா நம்பின சக்தி, நிஜமாவே இருந்தது இந்தப் பொடிக்குத்தான்.

ஆனா ஒரு விஷயம். டெனண்ட் செய்தது குளோரினைக் கூண்டில் அடைத்தது மாதிரி. காரம் இருக்கும் வரை கூண்டு நிற்கும். அமிலம் பட்டால் கதவு திறந்து கொள்ளும். எந்த அமிலம் என்றாலும் சரி. கழிவறை ஆசிட், எலுமிச்சை, வினிகர். புளிக்கரைசல் கூட. அம்மா, நாப்பது வருஷமா உங்களுக்கு மூச்சு முட்டாததுக்குக் காரணம் புளி இயற்கைங்கறதால இல்லை. நீங்க எதையும் எதோடயும் கலக்கலை. அவ்வளவுதான்.

வெளியே வந்தது என்ன வாயு? 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ர ஊர்ப் பக்கம் ஜெர்மன் படை சுமார் 150 டன் திறந்து விட்டது. பதுங்கு குழிகளில் இருந்த பிரெஞ்சு, அல்ஜீரிய வீரர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். பெரிய அளவில் வேலை செய்த முதல் விஷவாயுத் தாக்குதல். அதே குளோரின். அளவு வேற, சரக்கு ஒண்ணு. இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

நான் ஒருத்தன் மட்டும் முட்டாள் இல்லைன்னு ஒரு அல்ப ஆறுதலும் கிடைச்சது. 2020 ஜனவரி முதல் மார்ச் வரை அமெரிக்க நச்சு உதவி மையங்களுக்கு, சுத்தம் செய்யும் பொருட்களாலும் கிருமிநாசினிகளாலும் பாதிக்கப்பட்டு வந்த அழைப்புகள் 45,550. முந்தின வருஷத்தின் அதே மூணு மாசத்தைவிட 20 சதவீதம் அதிகம். கொரோனா பயம். அந்த அறிக்கையில் முதலில் சொல்லப்படும் சம்பவம் ஒரு பெண்மணியுடையது. காய்கறியைக் கழுவ, சிங்க்கில் ப்ளீச்சையும் வினிகரையும் சுடுதண்ணியையும் கலந்தார். மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் போனார். பயத்துல சுத்தம் செய்யறப்ப கை தானா ரெண்டு பாட்டிலை எடுத்துடுது. ஒண்ணு நல்லதுன்னா ரெண்டு இன்னும் நல்லதுதானேன்னு.

'இயற்கை'ன்னா என்ன?

ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு ராத்திரி அந்தக் காலி பாட்டிலைக் கையில எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில், செயற்கை வினிகர், அசிட்டிக் அமிலத்திலிருந்து தயாரிக்கப்பட்டதுன்னு போட்டிருந்தது. நம்ம நாட்டுச் சட்டப்படி அப்படிப் போட்டே ஆகணும். நான் இத்தனை நாளா படிக்கலை.

வரலாற்றில் இதுவும் ஒரு நல்ல கிளைக்கதை. பிரான்சின் ஓர்லியான் நகரத்தில் மரப் பீப்பாயில் வைனை மாசக்கணக்கில் புளிக்க வைத்தார்கள். 1823-ல் ஷூட்சன்பாக் என்ற ஜெர்மானியர், மரச் சீவல்கள் வழியாக ஆல்கஹாலை வடியவிட்டுச் சில நாட்களில் வினிகராக்கினார். விலை விழுந்தது. 1845-ல் கோல்பே என்ற வேதியியலாளர், எந்த உயிரின் உதவியும் இல்லாமல், கனிமப் பொருட்களிலிருந்தே அசிட்டிக் அமிலத்தைச் செய்து காட்டினார். இன்று உலகின் அசிட்டிக் அமிலத்தில் பெரும்பகுதி, மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் வினைபுரிய வைத்துத் தயாராகிறது. அந்த மெத்தனால் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவது. அதைத் தண்ணீரில் கலந்தால் என் நூடுல்ஸ் வினிகர்.

இதுல தப்பு ஒண்ணும் இல்லை. தென்னங்கள்ளில் வந்தாலும் தொழிற்சாலையில் வந்தாலும் அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு ஒண்ணுதான். குழாய்க் கறைக்கு வித்தியாசம் தெரியாது. தப்பு என் மண்டையில இருந்தது. 'இயற்கை'ன்ன உடனே 'ஆபத்தில்லை'ன்னு தானா ஒரு டிக் விழுந்துடுச்சு. 'கெமிக்கல்'னா கையுறை போட்டிருப்பேன், லேபிள் படிச்சிருப்பேன்.

வினிகரைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்ல வரலை. நானே இப்பவும் வெச்சிருக்கேன். குழாய், ஷவர், கெட்டில் உப்புக்கறைக்கு அரை மணி நேரம் ஊறப்போட்டுக் கழுவினா பளிச்சுன்னு போகுது. ஆனா எண்ணெய்ப் பிசுக்குக்கு உதவாது, சோப்புதான். மார்பிள், மொசைக், கடப்பாக் கல் மேல ஊத்தாதீங்க. மார்பிளும் கடப்பாவும் கிளியோபாட்ரா முத்தோட சொந்தக்காரங்க, மொசைக்ல இருக்கறதும் மார்பிள் சில்லுதான், அரிச்சுடும். சமையல் சோடாவோட கலந்தா நுரை பார்க்க அழகா இருக்கும், ஆனா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுட்டு மிச்சம் இருப்பது உப்புத் தண்ணி மாதிரி ஒண்ணுதான். ப்ளீச்சிங் பவுடர் பக்கத்துல மட்டும் கொண்டே போகாதீங்க.

கடைசியா ஒண்ணு

இதையெல்லாம் தேடறப்ப எங்க மாவட்டத்துப் பேர் கண்ல பட்டது. 2000-ல் ஆரம்பித்து திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. சாதனம் என்ன தெரியுமா? 4 சதவீத அசிட்டிக் அமிலம். கிட்டத்தட்ட நம்ம வினிகர். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அதைத் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். பெரிய லேப் எதுவும் வேண்டாம். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைவு.

திருடர்களும் பிளேக்கும் கப்பலுமா அத்தனை நூற்றாண்டு வினிகர் மேல ஏத்திச் சொன்ன அற்புதங்களில் ஒண்ணும் தேறலை. யாரும் கதை கட்டாத இந்த வேலையில் அது உயிரைக் காப்பாத்தியிருக்கு. எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து, நிரூபிச்ச வேலை.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஆமாண்டா, நம்ம ஊருக்கும் வந்தாங்க. நர்ஸம்மா வீடு வீடா வந்து கூப்பிட்டாங்க. நீ கைக்குழந்தைக்கு மேல கொஞ்சம் பெரிசு. வெக்கமா இருந்துச்சு, நான் போகலை. உங்க பெரியம்மா போனா."

பெரியம்மாவுக்கு அப்போ ஏதோ சின்னதா வைத்தியம் பண்ணி அனுப்பினாங்களாம். பெரியம்மா இப்பவும் தோட்டத்துக்குப் போயிட்டு வர்றாங்க. போன பொங்கலுக்குக் கூட எனக்கு முறுக்கு கொடுத்து விட்டாங்க.

"நீங்க இப்ப போய்ப் பார்த்துக்கணும்மா"ன்னேன். "மொதல்ல நீ பாத்ரூமை ஒழுங்கா கழுவு, அப்புறம் பார்க்கலாம்"னாங்க. விடலை. அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன். நானே கூட்டிட்டுப் போறேன்.

பி.கு.: தெரியாம ரெண்டையும் கலந்துட்டீங்கன்னா மேல தண்ணி ஊத்திச் சரி பண்ணலாம்னு அங்கேயே நிக்காதீங்க. உடனே வெளியே வாங்க, எல்லாரையும் வெளியே கொண்டு வாங்க, நல்ல காத்து வர்ற இடத்துல உட்காருங்க. மூச்சு முட்டினா ஆஸ்பத்திரிதான். குழாய் கறையோடவே இருக்கட்டும்.